ஒரே ஒரு வார்னிங்

தலைமை அலுவலகத்திலிருந்து முதன்முறையாக வந்திருந்த மேலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். "மூலையில ஒரு பொண்ணு ஹெட்போன் மாட்டிப் பாட்டு கேட்குது. நான் வந்தும் திரும்பிக்கூடப் பார்க்கல!"

"ரத்தப் பரிசோதனை புரோகிராமைக் காப்பாத்தினதே அவங்கதான் சார்," என்றார் டீம் லீடர். "ஓடும்போதெல்லாம் அதுல நாங்க சேர்த்திருக்கிற லைப்ரரி, அதான் வெளியார் எழுதின ரெடிமேட் கோடு, முந்நூறு வார்னிங் கொட்டும். நாங்க யாரும் சட்டை பண்ணல. மொத்தமா ஆஃப் பண்ணச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க. ஒண்ணொண்ணா அலசி, ஆபத்தில்லாததை மட்டும் நிறுத்தினாங்க. கடைசியில ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு: 'விடுபட்ட இடத்தில் முந்தைய வரியின் மதிப்பு நிரப்பப்பட்டது.'"

"அப்படின்னா?"

"ஒருத்தரோட ரத்த வகை அடுத்தவர் ரிப்போர்ட்ல ஏறியிருக்கும் சார்!"

மேலாளர் அவளிடமே போனார். "உனக்கு மட்டும் எப்படிம்மா சிக்குச்சு?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "மத்தவங்க மேலோட்டமா தாண்டிடலாம் சார். எனக்குக் கம்ப்யூட்டர் முந்நூறையும் காதுல வாசிச்சுக் காட்டும். தாண்ட முடியாது."

மேலாளர் மனம் நிறைந்து கையை நீட்டினார். அவள் அதைக் கவனிக்காமல், சுவரோரம் சாய்த்திருந்த வெள்ளைக் கோலைத் தடவி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கை குடும்மா," என்றார் மேலாளர், இந்த முறை வாய்விட்டு.