பக்கத்து சீட்

"ஹெலிகாப்டரை நீயேதான் ஓட்டுதியா, இல்ல வேற யாரும் ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து வருதியா?"

சொக்கம்மாள் கேட்ட கேள்வியில், கேசரித் தட்டை நீட்ட வந்த உமா மகேஸ்வரி பாதியிலேயே நின்றுவிட்டாள். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தால் மகளுக்காக அவளே பதில் சொல்லியிருப்பாள். இதற்கு என்ன சொல்வது?

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசிக்குப் பெண் பார்க்க வருகிறவர்களும் கூடிவிடுவார்கள். பெண் பிடிக்காவிட்டாலும் அருவிக் குளியல் மிச்சம். ஆனால் கடையத்துச் சொக்கம்மாள் அருவிப் பக்கமே போகவில்லை. பேங்கில் அதிகாரியாக இருக்கும் மகன் ஜெகதீஸ்வரனோடு நேராக வக்கீல் தில்லைநாயகத்தின் வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

வக்கீலின் மகள் வித்யாலட்சுமி, ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டப் பயிற்சி எடுக்கிறவள். லீவில் வந்திருந்தாள். பயிற்சி முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

"ரெண்டு சீட்டு இருக்கும் அத்தை. ஒண்ணுல நான், இன்னொண்ணுல சொல்லிக்குடுக்க சார். என் முன்னால இருக்க அதே கம்பி, அதே பெடல் எல்லாம் அவர் முன்னாலயும் இருக்கும். நான் தப்பு பண்ணுனா அவர் பிடிச்சுக்கிடுவார்."

"அப்ப அவரு நினைச்சா எப்ப வேணும்னாலும் உன் கையிலருந்து பிடுங்கிக்கிடலாம்."

"பயிற்சி ஹெலிகாப்டர்னா அப்படித்தான் அத்தை."

"அவரு எப்பத்தான் எறங்குவாரு?"

வித்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஒருநாள் திடீர்னு எறங்கிட்டார். 'இனி நீயே போ'ன்னு கதவைச் சாத்திட்டு நடந்துட்டார். பக்கத்து சீட் காலி. ஒரு ஆள் கனம் குறைஞ்சதும் ஹெலிகாப்டர் சட்டுனு எழும்பிட்டு. அதை அந்தரத்துல ஒரே இடத்துல நிறுத்தணும், அதுதான் கஷ்டம். ஐந்தருவியில பாசிப் பாறை மேல நிக்க மாதிரி இருக்கும். நிறுத்திட்டேன் அத்தை. கீழ வந்ததும் கூடப் படிக்கவங்க வாளி வாளியாத் தண்ணிய என் தலையில ஊத்துனாங்க. எங்களுக்கு அதுதான் மரியாதை."

தில்லைநாயகம் தொண்டையைச் செருமினார். கோர்ட்டில் எதிர்க்கட்சியை உலுக்கி எடுக்கிற மனிதர், வீட்டில் பாவம், மகளை அடக்கத் தெரியாமல் தவித்தார். இந்த ஹெலிகாப்டராலேயே எத்தனையோ வரன் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் உமா மகேஸ்வரி படுத்துவிடுவாள்.

சொக்கம்மாள் அடுத்ததைக் கேட்டாள். "கல்யாணத்துக்குப் பெறவு வேலைய விடச் சொன்னா விட்டுருவியா?"

உமா மகேஸ்வரி மகளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"விட முடியாது அத்தை" என்றாள் வித்யா.

ஜெகதீஸ்வரன்தான் சிரித்துக்கொண்டே காப்பாற்றினான். "அம்மா சும்மா கேக்கா. நீங்க தாராளமா ஓட்டுங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

வித்யா அப்போதுதான் அவனை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருந்தது. இப்படி ஒருவன் கிடைப்பான் என்று அவள் நினைத்ததே இல்லை. இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்றுகூடத் தோன்றியது.

சொக்கம்மாள் விடுவதாக இல்லை. "பூக்கட்டிப் பார்த்திருவோம் அண்ணாச்சி. பிள்ளையார் என்ன சொல்லுதாரோ அதுதான் முடிவு."

"ஜாதகம்தான் நல்லாப் பொருந்திட்டே மதினி" என்று இழுத்தாள் உமா மகேஸ்வரி. ஆனால் பிள்ளையார் பெயரைச் சொன்ன பிறகு மறுத்துப் பேச வக்கீலுக்கே துணிவு வரவில்லை. ஜெகதீஸ்வரனும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. சொக்கம்மாள் தானே போய்ப் பூப் பறித்து, வாழை இலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அர்ச்சகர் இரண்டையும் பிள்ளையார் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டில் வைத்து நீட்டினார்.

"பெத்தவளே எடுக்கட்டும்" என்றாள் சொக்கம்மாள்.

உமா மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். கட்டியிருந்த நாரை அவிழ்த்தாள். உள்ளே செவ்வரளி இருந்தது.

தில்லைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியை வெளியே அழைத்துப் போனார். ஜெகதீஸ்வரனுக்கும் வருத்தம்தான். "சாமி வாக்கை மீற முடியாதுங்க. தப்பா நினைச்சுக்கிடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுக் காரை எடுக்கப் போனான்.

வித்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்குக் கிடைக்காமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. அர்ச்சகரிடம் இன்னொரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பிரித்தாள். அதிலும் செவ்வரளிதான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சொக்கம்மாளிடம் வேகமாகப் போனாள்.

"ரெண்டுலயும் சிவப்புதான் வச்சிருக்கீங்க. என்னைப் பிடிக்கலன்னா நேராவே சொல்லியிருக்கலாமே அத்தை. எங்க அம்மா கையாலயே எடுக்க வச்சு, சாமி பேரை வேற எதுக்கு இழுத்தீங்க?"

சொக்கம்மாள் கார் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு வித்யாவின் கையிலிருந்த பூவை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மெதுவாப் பேசுட்டி. 'இப்ப சரின்னு தலையாட்டுவோம்மா, தாலி ஏறுனதும் வேலைய விட வச்சிருதேன்'னு கார்ல வரும்போதே அவன் எங்கிட்ட சொல்லிட்டான். இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நான் சொன்னா அவன் கேக்க மாட்டான், உங்க அப்பாவும் கேக்க மாட்டாவ, பிள்ளையார் சொன்னா ரெண்டு பேரும் கேப்பாவ. நீ போய் ஓட்டு தாயி."