ரொம்ப தூரம் தாங்கும் பூட்ஸ்

பூட்ஸுக்குப் போடும் கறுப்பு மையை எடுத்து மீசையிலும் புருவத்திலும் தடவிக்கொண்டார் ஒனுஃப்ரி. அறுபத்திரண்டு வயசு அப்படியே நாற்பத்தெட்டாக இறங்கிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு!

ரஷ்யப் பேரரசரை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கி, தோற்று, போலந்தை விட்டு ஓடிவந்து இருபத்து மூன்று வருஷமாகிறது. இஸ்தான்புல்லில் ஒரு வாடகை அறை. பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் கிடையாது. சொந்தப் பாஷை மறந்துவிடுமோ என்ற பயத்தில் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார், பாவம்.

துருக்கி சுல்தானுக்கும் ரஷ்யாவுக்கும் டான்யூப் ஆற்றங்கரையில் சண்டை என்று கேள்விப்பட்டதும் ஷும்லாவிலிருந்த துருக்கிப் படை முகாமுக்கு வந்துவிட்டார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிழவன் என்று விரட்டியாயிற்று. இங்கேயும் விரட்டினால் மறுபடி அந்தச் சுவர்தான்.

ஆள் எடுத்துக்கொண்டிருந்த கேப்டன் ஸரெம்பா துருக்கித் தொப்பி போட்டிருந்தாலும் போலந்துக்காரர்தான்.

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

வெயிலில் வரிசையில் நின்று வியர்த்ததில் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"ஐயா, மீசை அழுதுக்கிட்டிருக்கு. நெசத்தைச் சொல்லுங்க."

"அறுபத்திரெண்டு. அதனால என்ன? காலு ரெண்டும் திடமா இருக்கு."

"குடும்பம்?"

"பொண்டாட்டி தெக்லா. ஊர்லயே இருந்துட்டா. பதினோரு வருஷமா கடுதாசி இல்ல."

கேப்டன் காகிதத்தைப் புரட்டினார். "ஸ்பெயின்ல சண்டைக்குக் கூப்பிட்டிருக்காங்க, போகலை. ஆப்பிரிக்காவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, அதுவும் போகலை. இங்க மட்டும் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"இங்கதானே எதிர்ல ரஷ்யாக்காரன் நிக்கிறான்!"

"அடேங்கப்பா! பழி வாங்குறதுன்னா இப்படியில்ல இருக்கணும்!" கேப்டன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "எடுத்துக்கிட்டேன். பழைய குதிரைவீரராச்சே, நல்ல குதிரையாப் பாத்துத் தரச் சொல்றேன்."

"குதிரை வேண்டாம். நடக்கத் தோதா ஒரு ஜோடி பூட்ஸ் குடுங்க. ரொம்ப தூரம் தாங்கணும்."

கேப்டனுக்கு விநோதமாக இருந்தது. குதிரை வேண்டாமென்ற போலந்துக் கனவானை அவர் பார்த்ததே இல்லை. "சரி, எங்க போடட்டும்?"

"ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கே, நம்ம காவல் சாவடி, அங்க."

"ஐயையோ, அங்கேயா? போன வாரம் நம்மாளுங்க ஒம்பது பேரை ரஷ்யாக்காரன் உசுரோட பிடிச்சுட்டான்யா! விலங்கு மாட்டி, சைபீரியா வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போறான்!"

ஒனுஃப்ரி கன்னத்து மையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"தெரியும் தம்பி. அந்த ரோடு எங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகுது."