முகம் காட்டாத விமர்சகன்

"நீங்க கேம் ஆடுவீங்களா?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே இப்படிக் கேட்பாள் என்று ஜோஸ்வின் கனவிலும் நினைக்கவில்லை. வாய் நிறைய கேசரி. தலையை மட்டும் வேகமாக ஆட்டினான்.

இதற்கு முன் பார்த்த நான்கு பெண்களும், கேம் என்றதும் ஏதோ தீராத வியாதியைச் சொல்லிவிட்டதுபோல முகம் மாறினார்கள். இந்த ஹெப்சியோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சேலையூரில் இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு, மாடம்பாக்கம், பள்ளிக்கரணை என்று ஆண்டவர் தன்னை ஊரெல்லாம் அலையவிட்டாரே என்று அவனுக்குச் சந்தோஷத்தில் கோபம்கூட வந்தது.

இவள்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டான்.

அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ரத்தினபாய்க்கே தெரியாது. யூடியூபில் முகம் காட்டாமல் கேம் விமர்சனம் செய்கிறவன் அவன். வெறும் குரல்தான். அந்தக் குரலுக்கு நாற்பதாயிரம் பேர்.

காசு கொடுத்துத் துப்பாக்கி வாங்கி ஜெயிக்கிறவன் ஆட்டக்காரனே இல்லை என்பான். வெளிவருவதற்கு முன்பே பணம் கட்டிக் காத்திருப்பவனை ஏமாளி என்பான். ஈசி மோடில் ஆடுகிறவர்களை அவன் மனிதர்களாகவே மதிப்பதில்லை. கதை சொல்ல ஆசையாக இருந்தால் நாவல் எழுது, நடுவில் என்னை எதற்கு நடக்கவிடுகிறாய் என்று கேம் செய்கிறவர்களையே கேட்பான். அவன் திட்டத் திட்டத்தான் கூட்டம் சேர்ந்தது.

"ஆடறது என்ன தம்பி, இவளே ஒரு கேம் பண்ணியிருக்கா. வேலையை விட்டுட்டு மூணு வருஷம் உக்காந்தா," என்றார் ஹெப்சியின் பெரியப்பா தேவானந்தம். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் முன்நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"முடிச்சூர்ல எங்க பழைய வீடு," என்றாள் ஹெப்சி. "வெள்ளம் வடிஞ்ச மறுநாள். துடைப்பம், பக்கெட் வச்சு ஒவ்வொரு ரூமா சேறு தள்ளணும். அவ்வளவுதான் கேம்."

ஜோஸ்வின் கேசரித் தட்டைக் கீழே வைத்தான்.

அந்த கேம் அவனுக்குத் தெரியும். போன ஆண்டு அதைக் கிழித்துத் தொங்கவிட்டவனே அவன்தான். துடைப்பம் பிடிக்க எதற்கு கிராபிக்ஸ் கார்டு, பேசாமல் போய் அம்மாவுக்கு வீடு பெருக்கிக் கொடுங்கள் என்று அவன் பேசிய வீடியோதான், அவன் சேனலிலேயே அதிகம் பேர் பார்த்தது.

"ஒருத்தர் வீடியோ போட்டாரு. அதுக்கப்புறம் வாங்க ஆளே இல்ல. நானும் மறுபடி வேலைக்குப் போயிட்டேன்." ஹெப்சி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அந்தக் குரல் மட்டும் இன்னும் காதுலயே இருக்கு."

ஜோஸ்வின் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.

நல்லவேளை, வந்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. இனியும் திறக்கக் கூடாது. காபி வேண்டுமா என்று கேட்டார்கள். தலையாட்டினான். எங்கே வேலை என்று கேட்டார்கள். அம்மாவைப் பார்த்தான்.

"இவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்று அம்மா பெருமையாகச் சமாளித்தாள்.

உங்களுக்கு எந்த மாதிரி கேம் பிடிக்கும் என்று ஹெப்சி கேட்டபோது, பெரிதாக இருமித் தப்பித்தான். கல்யாணம் முடியும்வரை ஊமையாகவே இருந்துவிட முடியுமா என்றுகூட யோசித்தான். அந்த அளவுக்கு அவளைப் பிடித்துப் போயிருந்தது.

"அப்ப தம்பியே ஒரு சின்ன ஜெபம் பண்ணி முடிச்சிடட்டும்," என்றார் தேவானந்தம்.

அவன் மறுபடியும் இருமிப் பார்த்தான்.

வேதக்கார வீட்டில் மாப்பிள்ளையை எடைபோட இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. மாட்டேன் என்றால் அம்மாவின் மானம் போகும். அவன் வழி தேடுவதற்குள் எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மூக்கடைத்தவன்போலக் குரலை மெலிதாக்கிக்கொண்டு ஆரம்பித்தான். முதல் இரண்டு வாக்கியங்கள் வரை தப்பித்தான்.

ஆனால் கண்ணை மூடினால் எதிரே முகங்கள் இல்லை. தன் அறையில் தனியாக மைக் முன்னால் உட்காருவதும் இதுவும் அவன் தொண்டைக்கு ஒன்றுதான். பெண் வீட்டாரை ஆசீர்வதிக்கச் சொல்லி ஆண்டவரிடம் கேட்கும்போது அந்தக் குரல், அதே இழுவையும் அழுத்தமுமாக, தானே வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் காதுக்கே கேட்டது. ஜெபத்தைப் பாதியில் நிறுத்தவும் முடியாது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தான்.

ரத்தினபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தேவானந்தத்தின் முகத்தில் அவ்வளவு திருப்தி. ஹெப்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து கண்ணைத் திறந்து வைத்திருந்தாளோ தெரியவில்லை.

பெரியவர்கள் வாசலில் செருப்பைத் தேடிய நேரத்தில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தேவலை.

"விமர்சனம் பண்ணணும்னு நீங்க மெயில்ல கேட்டு ஓசியா வாங்கின கேம் அது. எவ்வளவு நேரம் ஆடினீங்கன்னு எனக்குத் தகவல் வந்துடும். பதினோரு நிமிஷம்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முழுசாக ஆடி முடித்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று சொல்லித்தான் அந்த வீடியோவை அவன் ஆரம்பித்திருந்தான்.

"பன்னண்டாவது நிமிஷத்துல உள் ரூம் கதவு திறக்கும்," என்றாள் ஹெப்சி. "அப்பா அங்கதான் இருந்தாரு."