மேடையில் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி

"ஏம்மா, பாடுறது அவளா, நீயா?"

கொரின் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க. சத்தமா முணுமுணுத்தது எனக்கே தெரியல."

"ஹஸார்டுலேருந்து மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். டெல்லா டாக்கெட் குரலைக் கேக்கத்தான். உன் குரலைக் கேக்க இல்ல."

"விடு ஆர்வில்" என்றாள் அவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனைவி மேவிஸ். "நீ வீட்டுல பாடாத பாட்டா? நாய் கூட எந்திரிச்சு வெளிய போயிடுது."

லூயிவில் நகரின் பெரிய அரங்கு அது. ஞாயிறு மதியக் கச்சேரிக்கு இரண்டாயிரம் இருக்கைகளும் நிரம்பியிருந்தன. மேடையில் டெல்லா மட்டும்தான். ஒரு நாற்காலி, ஒரு கிட்டார், ஒரு மைக். ஒன்றரை வருஷமாக அவள் எங்கேயும் பாடவில்லை. குடியை நிறுத்த ஏதோ விடுதியில் சேர்ந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். கூட வாசிக்கிறவர்களோடு தீராத சண்டை என்றார்கள் வேறு சிலர். அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கும் வரை டெல்லா தலையை மட்டும் அசைத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள்.

"பாத்தியா மேவிஸ்? ஆறு பாட்டு ஆச்சு. ஒரு வார்த்தை பேசல" என்று ஆர்வில் புலம்பினார். "முன்னெல்லாம் பாட்டுக்குப் பாட்டு கால் மணி நேரம் கதை சொல்லுவா. அவங்கப்பா நிலக்கரி லாரியைப் பாதிரியார் வீட்டுத் தோட்டத்துல விட்ட கதையைக் கேட்டுச் சிரிச்சதுல உன் பல்செட்டே கழண்டு விழுந்துச்சு."

"என் பல்செட்டை எதுக்கு ஊருக்குள்ள இழுக்கிற?"

"பெரிய அரங்கு கெடச்சதும் தலைக்கனம் வந்துடுச்சு. நம்மகிட்ட எல்லாம் பேசினா கௌரவம் கொறஞ்சிடும்."

"அப்படியில்லீங்க" என்றாள் கொரின் வேகமாக.

"உனக்கெப்படித் தெரியும்?"

கொரின் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சும்மா... தோணுச்சு."

"எத்தனை வருஷமா நீ அவ ரசிகை?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க பேரே கேள்விப்பட்டதில்ல."

"அட! நாங்க இருபது வருஷமா கேக்குறோம், எங்களுக்கே பாதிப் பாட்டுல வரி தடுமாறும். நீ ஒரு எழுத்து விடாம முணுமுணுக்கிற!"

"தெனமும் கேட்டேன்" என்றாள் கொரின், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டெல்லா அப்போது வெள்ளம் புகுந்த வீட்டைப் பற்றிய பாட்டைத் தொடங்கியிருந்தாள். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கிட்டார் மட்டும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஒலித்தது. ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றுமுறை.

"என்ன இது, செக்குமாடு மாதிரி?" என்றார் ஆர்வில்.

கொரின் இருக்கையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். 'வாசல்... வாசல்...' என்று அவள் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

டெல்லா கண்ணை மூடினாள். மெட்டை மட்டும் மெல்ல முனகினாள். பிறகு, கதவு திறந்ததுபோல், வந்தது:

"வாசலெல்லாம் சேறு, வழிச்சுப்போட ஆளில்ல, வந்து நிக்கிற வெயிலை மட்டும் வேணாம்னு சொல்லலியே..."

அரங்கில் யாரோ விசும்பினார்கள். ஆர்வில் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பேசலேன்னாலும் பாடுறாளே, பாவி. குரல் அப்படியே இருக்கு."

கடைசிப் பாட்டும் முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். டெல்லா கிட்டாரை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். மெல்ல மெல்ல அரங்கு அடங்கியது.

"ஆகா, இப்பத்தான் கதை சொல்லப்போறா" என்று ஆர்வில் மனைவியை இடித்தார். "உன் பல்செட்டைப் புடிச்சுக்கோ!"

டெல்லா நின்றாள். வெகுநேரம் நின்றாள். கீழே கொரின் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்..." என்றாள் டெல்லா. மூச்சை இழுத்துவிட்டாள். "என் பேரு... டெல்லா."

அடுத்த நொடி அரங்கே சிரிப்பில் அதிர்ந்தது. டெல்லாவும் சிரித்தாள்.

"அது தெரியாமலா மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்!" என்று ஆர்வில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "என்னா குசும்பு பாரு அவளுக்கு!"

மேவிஸ் மட்டும் கொரினைப் பார்த்துவிட்டாள். "ஏம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ எதுக்கு இப்படி அழுவுற?"

நோயாளியைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி என்பதால், கொரின் பதில் சொல்லாமல் கை வலிக்கத் தட்டிக்கொண்டே இருந்தாள். பதினேழு மாதங்களுக்கு முன் பக்கவாதத்தில் பேச்சு முழுவதும் போய், பாடினால் மட்டுமே வார்த்தை வரும் என்றாகிவிட்ட டெல்லா, அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் கொரினிடம் தினமும் பேசக் கற்று, மெட்டில்லாமல் சொல்லிமுடித்த முதல் வாக்கியம் அந்த 'என் பேரு டெல்லா'தான்.