புதுப் பற்றரி

"ஒருத்தரிட்டையும் ரெண்டு பற்றரி இல்லையோ?" என்று முற்றத்தில் கூடியிருந்த பெண்களிடம் செபஸ்தியம்மா கேட்டதும் அற்புதராணி நிலத்தைப் பார்த்தாள்.

இரவு கிளாலிக் கடலில் நேவி படகுகளைச் சுட்டிருக்கிறது என்று குருநகர் முழுக்கக் கதை. பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாவின் மகன் பேதுரு, அந்தக் கடலில் ஆட்களை ஏற்றி இறக்கும் படகோட்டி. இன்னும் வீடு திரும்பவில்லை.

பின்னேரச் செய்தியில் இறந்தவர்களின் பெயர் வாசிப்பார்கள். கைக்கடக்கமான றேடியோ ஒன்று செபஸ்தியம்மாவிடம் இருந்தது. அதற்குள் போடத்தான் ஒன்றும் இல்லை. சண்டையைச் சாட்டி அரசாங்கம் பற்றரிக்குத் தடை போட்டதிலிருந்து ஊரில் றேடியோக்கள் எல்லாம் அலுமாரிக்கு அழகாகத்தான் இருக்கின்றன.

அற்புதராணியிடம் இரண்டு பற்றரி இருந்தது. இருந்த இடம்தான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடமில்லை.

பாரிசில் இருக்கும் புருசன் கிறகோரி, தன் ஒன்றுவிட்ட தங்கை சிசிலியாவிடம் கொடுத்தனுப்பிய சாமான் அது. விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. திருகினால் அதிரும். தனியாகக் கிடக்கும் பெண்சாதியின் உடம்புக்கு. மாதவிலக்குத் துணிப் பைக்கற்றுக்குள் அதை ஒளித்துக்கொண்டு வந்தாள் சிசிலியா. சோதனைச் சாவடியில் சிப்பாய் பைக்கற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தையல் மிசின் பழக்குகிறவளைப் போலத்தான் சிசிலியா சொல்லிக்கொடுத்தாள். முதலில் மெல்லிய வேகம். துணிக்கு மேலால் வைத்துப் பார். அவசரப்படாதே, எது பிடிக்கிறதென்று உடம்பே சொல்லும். நோகிறதென்றால் நிறுத்து. பிறகு கழுவித் துடைத்து வை.

"சும்மா இரு மச்சாள்!" என்று அற்புதராணி காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

மாமி லூர்த்தம்மா மீன் விற்கச் சந்தைக்குப் போகும் பகல்களில் கதவைச் சாத்தினாள். முதல் நாள் அந்த இரைச்சல் தெருவுக்கே கேட்கும் என்று பயந்து கையிலிருந்து விழுத்திவிட்டாள். பிறகு தலையணையால் மூடப் பழகினாள். பிறகு பயமும் போயிற்று. கலியாணம் கட்டி இத்தனை காலத்துக்குப் பிறகுதான் தன் உடம்பு தனக்கும் சொந்தம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருநாள் அதை நினைத்து அழவும் செய்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் இதை என்ன பெயர் சொல்லிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

இப்போது எழும்பி உள்ளே போனாள். பெட்டியின் அடியில், கூறைச் சேலை மடிப்புக்குள்ளிருந்து சாமானை எடுத்து, அடி மூடியைக் கழற்றினாள். பற்றரி இரண்டும் உள்ளங்கையில் விழுந்தன.

"அவர் பாசலோடை அனுப்பினவர்," என்று நீட்டினாள்.

"எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றாள் லூர்த்தம்மா. "புதுசோ, பாவிச்சதோ?"

பாவித்தது என்றால் எதற்குள் போட்டுப் பாவித்தது? அந்த வீட்டில் றேடியோவும் இல்லை, டோச் லைற்றும் இல்லை. முற்றம் நிறையப் பெண்கள் நின்றார்கள்.

"புதுசு," என்றாள் அற்புதராணி.

செபஸ்தியம்மா அவள் நாடியைப் பிடித்துக் கொஞ்சினாள். என் மருமகளைப் பாருங்கள் என்பதுபோல லூர்த்தம்மா சுற்றிவரப் பார்த்தாள்.

றேடியோ பாடத் தொடங்கியது. செய்திக்கு இன்னும் நேரம் கிடந்தது. தெருவுக்கும் கேட்கட்டும் என்று செபஸ்தியம்மா சத்தத்தைக் கூட்டினாள்.

சில நாளாக அந்தச் சாமானின் அதிர்வு சோர்ந்து வந்தது அற்புதராணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அக்கா, செய்தி தொடங்குமட்டும் நிப்பாட்டி வைப்பமே?"

"புதுப் பற்றரிதானே பிள்ளை, ஓடட்டும். நிப்பாட்டினா, செய்தி துவங்கினது தெரியாமல் விட்டுடுவன்."

பாவித்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் மாமி அடுத்த கேள்வியைக் கேட்பாள். இத்தனை பேருக்கு நடுவில் கேட்பாள். அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது?

வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வந்தது. இப்போதாவது சொல்லு, இப்போதாவது சொல்லு என்று தன்னையே திட்டிக்கொண்டு இருந்தாள்.

செய்தி தொடங்கும்போதே குரல் மெலிந்திருந்தது. பெண்கள் நெருங்கி வந்தார்கள். செபஸ்தியம்மா றேடியோவைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்பதால், தனக்குக் கேட்டதைத் தானே உரத்துச் சொன்னாள்.

சாவகச்சேரியைச் சேர்ந்த கதிரவேலு. பண்டத்தரிப்பைச் சேர்ந்த பாலேஸ்வரி.

"குருநகரைச் சேர்ந்த..." என்றாள் செபஸ்தியம்மா.

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் றேடியோவை உலுக்கினாள். உள்ளங்கையில் தட்டினாள். மறுபடி காதில் வைத்தாள்.

பிறகு மூடியைக் கழற்றி ஒரு பற்றரியை எடுத்தாள். செத்த பற்றரியில் மிச்சம் மீதியை வரவைக்க ஊரில் எல்லோரும் செய்வதுபோல, வாய்க்குள் வைத்துக் கடைவாய்ப் பல்லால் கடித்தாள். வெளிநாட்டுத் தகரம், மசியவில்லை. பற்றரியை நாக்கால் புரட்டி, கண்ணீர் வர மறுபக்கம் கடித்தாள். றேடியோவில் போட்டுப் பார்த்தாள். எடுத்து மறுபடியும் கடித்தாள்.

அற்புதராணிக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"பிரான்சுக்காரனும் ஏமாத்துறான், பார்," என்றாள் லூர்த்தம்மா. "புதுப் பற்றரி, ஒரு செய்திக்குத் தாங்கேல்லை."

"ஓம் மாமி," என்றாள் அற்புதராணி.