ஒரு வரி மேலே

நுழைவுத் தேர்வுக்கு மறுநாள் ஜெசிந்தா தன் ஓ.எம்.ஆர். விடைத்தாளின் நகலைப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுவந்தாள். அவளுக்கு இது மூன்றாவது முயற்சி. கணித ஆசிரியர் ஆவுடையப்பன், சரியான விடைகளின் இடத்தில் துளையிட்ட அட்டையை அதன்மேல் வைத்தார். பதினாறாம் கேள்விவரை ஒவ்வொரு துளையிலும் கறுப்பு வட்டம் தெரிந்தது. அதன்பிறகு பெரும்பாலும் வெற்றுக் காகிதம்.

"பதினேழுல என்னம்மா கேட்டிருந்தான்?"

"எக்ஸ்ல மூணைக் கழிச்சா வரைபடம் எந்தப் பக்கம் நகரும்னு சார். இடமா வலமான்னு குழம்பிட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"தாள்லயும் அந்த வரியை விட்டியா?"

"இல்ல சார், பதினெட்டோட விடையை அங்க போட்டுட்டேன். கடைசியில ஒரு வரி மிஞ்சினப்பதான் தெரிஞ்சுது. பேனாவால போட்டது, அழிக்க முடியாது."

அவர் அட்டையை ஒரு வரி மேலே நகர்த்தினார். பதினெட்டிலிருந்து தொண்ணூறுவரை எல்லாத் துளைகளும் கறுத்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நகர்த்தினா வடிவம் மாறாதுன்னு சொல்லுவீங்களே சார்," என்றாள் ஜெசிந்தா, மேசையில் தலையைச் சாய்த்தபடி.

ஆவுடையப்பன் அட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.