அரசியின் மூக்கு

"முதல்ல மூக்கை உடை. துரோகி, மேலுலகத்துலயும் மூச்சு விடக் கூடாது," என்றார் அதிகாரி பாசெர்.

கோயில் சுவரில் அரசி தாமரையை முகர்ந்தபடி நின்றாள். அவளைச் செதுக்கி வண்ணம் தீட்டிய சிற்பி கென்னாவே உளியோடு எதிரில் நின்றான். உளியை ஓங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அரண்மனை ரொட்டியும் பீரும் உள்ள போனப்ப இந்தக் கை தயங்கலையே! அவ உனக்குச் சொந்தமா?"

"நான் அரசியை நேர்ல பாத்ததே இல்லீங்கய்யா."

"அப்புறம் எதுக்குடா அழுவுற?"

"அழகா ஒரு முகம் வைன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்ச அழகான முகம் ஒண்ணுதான்."

கென்னா அந்த மஞ்சள் கன்னத்தைத் தடவினான்.

"போன வெள்ளத்தப்போ பிரசவத்துல செத்துப்போனாளே, என் பொஞ்சாதி ஹெனுத். அவ மூச்சு மறுபடியும் நிக்கணுமாய்யா, அதுவும் என் கையால?"